ஒரே அலமாரியில் பழையதும் புதியதும்

“எந்நேரமும் காதில் இயர்போன்தான், சாமி! பிள்ளை என்ன கேட்கிறான் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.” இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது பெற்றோர் பலர் நம்மிடம் கூறும் குறை இது. இக்காலத்து இளைஞருக்குப் பழைய இசையில் நாட்டமில்லை, இரைச்சலே அவர்களுக்கு இன்பம் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று நமக்கு உணர்த்தியது ஒரு திரைப்பாடல்.

1991-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘குணா’ படத்தில், கடிதம் எழுதுவதுபோல் அமைந்த காதற் பாடல் ஒன்றுண்டு. இளையராஜா இசையில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடியது. அதே தீபாவளிக்கு வந்த ‘தளபதி’ பெற்ற வெற்றியை அப்படம் பெறவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 பிப்ரவரியில், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குணா குகையின் ஆழ்குழியில் 2006-இல் விழுந்துவிட்ட தோழனை மற்றொரு தோழர் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சியே அதன் கதை. அப்படத்தில் ‘குணா’ பாடல் மீண்டும் ஒலித்தது. அது முதன்முதல் வெளியானபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதனைத் தங்கள் பாடலாக்கிக் கொண்டனர். காதலர்க்கென எழுதப்பட்டதை நண்பர்க்கென ஏற்றுக்கொண்டதும் அவர்களே!

மேனாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. கேட் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகியின் பாடலொன்று 1985-இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தோடு நின்றது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் இடம்பெற்றபின், 2022-இல் அதுவே முதலிடம் பெற்றது.

நம் இளமையில் நிலைமை வேறு. பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கேசட் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறேழு பாடல்களே அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அண்ணன் தம்பியரிடையே சண்டையே மூளும். வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ என்றால், தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருவே கூடும். பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்ந்தே கேட்டோம். வேறு வழியில்லை என்பதும் உண்மை.

யூடியூப் 2005-இல் தோன்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் எளியவர் கைக்கும் எட்டியது. இன்று 1960-களின் பாடலும், நேற்று வந்ததும், கொரிய நாட்டுக் குழுவின் ஆடலும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஆண்டு எது, நாடு எது என்று பிள்ளை பார்ப்பதில்லை. மனத்தைத் தொட்டால் எடுத்துக்கொள்கிறான். நம் தலைமுறைக்கு இத்துணைப் பரந்த சுவை வாய்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் இருகுறைகள் நம் கண்ணில் படுகின்றன. ஒன்று, ரீல்ஸில் அரை நிமிடத் துண்டாக வருவதால் பாடலின் நடுப்பகுதியை அறிந்தவன் அதன் தொடக்கத்தை அறிவதில்லை. மற்றது இதனினும் பெரிது. முன்பு கேட்டதை வைத்தே அடுத்ததைக் கருவி எடுத்து நீட்டுகிறது. ஆகவே ஒரே வீட்டில் நால்வர் நான்கு உலகங்களில் இருக்கிறார்கள். தந்தைக்கும் மகனுக்கும் பிடித்த பாடல் ஒன்றாகவே இருந்தும், இருவரும் அதை அறியாமலே இருந்துவிடக் கூடும்.

அப்படியொரு வீட்டை நாம் அறிவோம். ஒருநாள் மகனின் இயர்போன் பழுதாகி, கைபேசியிலிருந்து ‘குணா’ பாடல் உரக்க ஒலித்தது. வாயிலில் அமர்ந்திருந்த தந்தை எழுந்து உள்ளே வந்தார். அப்படத்தை வெளியான வாரத்திலேயே பார்த்தவர் அவர்! மகனோ முழுப்படத்தையும் பார்த்ததே இல்லை.

“அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று, அப்பா?” என்று கேட்டானாம். கதை முடிய இரவு பதினொன்றாகிவிட்டது என்று அவன் தாய் நம்மிடம் குறைபட்டுக்கொண்டார்.