ஐந்தாண்டுக் கணக்கு

ஐரோப்பிய நாடொன்றின் குடிமகன் இன்னோர் ஐரோப்பிய நாட்டில் வேலை தேடிச் செல்லலாம். 1957-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை அதற்கு வழி திறந்தது. ஆனால் அப்படிச் சென்றவர் விருந்தாளி என்ற நிலை நீங்கி வீட்டுக்காரர் ஆவது எப்போது? ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் பிறப்பித்த நெறியாணை இதற்கு விடை கூறுகிறது. அரசியல் அறிவியல் மாணவனாகிய நான் அதைப் படித்தபோது, மாணவரைப் பற்றிய இடத்திலேதான் என் கண் நின்றது.

விதி என்னவோ எளிதுதான். சட்டப்படி, இடைவிடாமல் ஐந்தாண்டுகள் வாழ்ந்தவருக்கு நிரந்தர வசிப்புரிமை தானாகவே வந்துவிடுகிறது. எந்த அதிகாரியும் மனமிரங்கித் தர வேண்டியதில்லை. விண்ணப்பித்துப் பெறும் சான்றிதழ், ஏற்கெனவே உள்ள உரிமைக்கு அத்தாட்சி மட்டுமே. அதன்பின் தொடர்ந்து ஈராண்டுக்கு மேல் அந்நாட்டை விட்டு விலகியிருந்தாலன்றி, வெளியே சென்ற காரணத்தால் அது பறிபோகாது.

‘இடைவிடாமல்’ என்றதும் ஊர்ப்பக்கமே போகக் கூடாதோ என்று எண்ண வேண்டாம். ஆண்டுக்கு மொத்தம் ஆறு மாதம் வரை வெளியே இருக்கலாம். மகப்பேறு, கடும்நோய், படிப்பு போன்ற காரணங்களுக்காக ஒரே ஒரு முறை தொடர்ந்து பன்னிரண்டு மாதமும் போய் வரலாம். நம் வருகைப் பதிவேட்டை நினைத்தால் அவர்கள் தாராள மனத்தினர் என்றே சொல்லத் தோன்றுகிறது!

சிக்கலெல்லாம் ‘சட்டப்படி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. தொழிலாளிக்கு அவருடைய உழைப்பே போதும். அது முழுநேர வேலையாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. நெதர்லாந்தில் வாரத்திற்குப் பன்னிரண்டு பாடங்கள் நடத்திய ஜெர்மானிய இசை ஆசிரியர் ஒருவர், வருவாய் போதாமல் அரசு உதவியும் பெற்றார். அவரும் தொழிலாளியே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. வேலையில் நேர்ந்த விபத்தால் நிரந்தரமாக உழைக்க முடியாமற்போய் அதற்குரிய உதவித்தொகை பெறும் தகுதியும் உள்ளவர், ஐந்தாண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

மாணவரிடமோ மூன்று கேட்கிறார்கள்: கல்வி நிறுவனத்தில் சேர்க்கை, செலவுக்குப் பணம் உண்டு என்ற உறுதிமொழி, முழுமையான மருத்துவக் காப்பீடு. முதலிரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதுதான் பிரிட்டனில் பலரைத் தடுக்கிவிட்டது. அங்கே குடியிருப்போர்க்கு அரசு மருத்துவம் இலவசம். அப்படியிருக்க, தனியே காப்பீடு வாங்க எந்த மாணவருக்குத் தோன்றும்? ஆனால் அரசு மருத்துவம் காப்பீடு ஆகாது என்பது அந்நாட்டு அரசின் வாதம். 2016 ஜூன் 23 அன்று ஒன்றியத்திலிருந்து விலக மக்கள் வாக்களித்தபின் ஐரோப்பியர் பலர் கவலையோடு சான்றிதழுக்கு விரைந்தனர். விண்ணப்பப் படிவம் மட்டும் 85 பக்கம்! மூன்றாண்டு பட்டப்படிப்பும் ஈராண்டு வேலையுமாக ஐந்தாண்டு நிறைவு செய்த ஒருவர், காப்பீடு இல்லாவிடில், ஈராண்டுக்காரராகவே கணக்கிடப்பட்டார். ஒளிந்து வாழவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. மூன்றாண்டு மட்டும் கணக்கிலிருந்து போயிற்று. இதை நியாயம் என்று ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

வட அயர்லாந்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இலவச அரசு மருத்துவத்தில் சேர்ந்திருப்பதே போதுமான காப்பீடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 மார்ச் 10 அன்று தீர்த்தது. அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி ஈராண்டு ஆகிவிட்டது. ஏற்கெனவே குடியிருந்த ஐரோப்பியருக்கென அது தனியே கொண்டுவந்த திட்டத்தில் காப்பீடு கேட்கப்படவில்லை என்பது ஓர் ஆறுதல்.

மற்ற 27 நாடுகளில் அந்த நெறியாணையே இன்றும் நடப்பில் உள்ளது. அங்கே மாலை நேரத்தில் உணவகத்தில் வேலை பார்க்கும் மாணவர், அவ்வேலை வெறும் பெயரளவானதாக இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் தொழிலாளியும் ஆவார். அவரிடம் காப்பீட்டுக் கேள்வி எழாது. அவருடைய அறைத்தோழர், பொழுதெல்லாம் நூலகத்திலேயே கழிப்பவர், அவரிடம் எழும்.