பகவான் சாரை விடமாட்டோம்!

பொத்தேரி ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயினுக்குக் காத்திருக்கும் மக்களே... 'சார் இன்னிக்கு லீவு'ன்னா காலேஜே விசிலடிக்கும். ஆனா 2018 ஜூனில், திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததே வேற!

இங்கிலீஷ் வாத்தியார் பகவானுக்கு டிரான்ஸ்ஃபர். ஆசிரியர்-மாணவர் விகிதக் கணக்குப்படி அவர் உபரியாம். பசங்க விடலையே! கட்டிப்பிடிச்சு, கையைப் பிடிச்சு இழுத்து, கதறி அழுதாங்க. அவரும் அழுதுட்டார். ஏ.ஆர்.ரஹ்மானே ட்விட்டரில் பகிர்ந்தார். இடமாறுதல் தற்காலிகமா நின்னது.

அப்படி என்ன பண்ணார்? பாடத்தோட கதையும் சொன்னார், புரொஜெக்டரில் படம் காட்டினார், வீட்டுக் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான்! விகிதக் கணக்கில் இதுக்கெல்லாம் கட்டம் கிடையாது.

உங்க ஸ்கூல் டீச்சர் நம்பர் இன்னும் இருக்கா? ஒரு போன் போடுங்க பாஸ்!