மனச்சிதைவு நோயும் கஞ்சாவும்: மூளை ஸ்கேன் சொல்வது என்ன?

ஒரு வீட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தனியாகப் பேசுகிறான். யாரோ காதில் திட்டுவதாகச் சொல்கிறான். தன்னைக் கொல்லச் சதி நடப்பதாக அஞ்சி அறைக்குள்ளேயே கிடக்கிறான். சேர்வராயன் மலைக் கிராமமானாலும் சென்னை மாநகரமானாலும், பலர் முதலில் சொல்வது "பேய் பிடித்துவிட்டது", "செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பதுதான். மருத்துவர்களோ, ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இது மூளையோடு தொடர்புடைய நோய். அதற்கான தடயங்களை இன்றைய ஸ்கேன் ஆய்வுகள் தேடி வருகின்றன.

கஞ்சா எங்கே வேலை செய்கிறது?

நம் மூளை செல்களின் மீது கன்னாபினாய்டு ஏற்பிகள் உள்ளன. இவற்றைப் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். இதற்கான சாவியை உடலே தயாரிக்கிறது. 1992-ல் கண்டறியப்பட்ட அத்தகைய ஒரு பொருளுக்கு, 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அனந்தமைடு என்று பெயரிட்டார்கள். கஞ்சாவில் உள்ள டி.ஹெச்.சி. என்பது அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி.

ஸ்வீடனில் ராணுவத்துக்குத் தேர்வான 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-ல் வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடம், புகைக்காதவர்களை விட 6 மடங்கு அதிகமாக இந்நோய் காணப்பட்டது. மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்தபோது வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. கஞ்சா புகைக்கும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. கஞ்சாவைத் தொடாதவர்களுக்கும் வரலாம். பரம்பரையாகப் பாதிப்பு வாய்ப்புள்ள இளைஞர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

பெட் ஸ்கேன் ஆய்வுகள்

உயிருள்ள மனிதரின் மூளையில் இந்த ஏற்பிகளைப் பார்க்க பெட் ஸ்கேன் உதவுகிறது. ஏற்பியில் போய் ஒட்டும் ஒரு பொருளை, மிகச் சிறிதளவு கதிரியக்கத்தோடு ஊசி வழியே செலுத்துவார்கள். அது எங்கெங்கே தங்குகிறது என்பதைக் கருவி படமாக்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மோகினி ரங்கநாதன், தீபக் சிரில் டிசோசா உள்ளிட்ட குழுவினர் 25 ஆண் நோயாளிகளையும் நோயில்லாத 18 பேரையும் ஒப்பிட்டனர். 2016-ல் அச்சான அந்த ஆய்வில், நோயாளிகளிடம் ஏற்பிகளின் அளவு குறைவாகத் தெரிந்தது. 2019-ல் லண்டன் ஆய்வாளர்களும், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் இதையே கண்டார்கள். ஆனால் 2013-ல் வெளியான பெல்ஜியம் ஆய்வில் சில பகுதிகளில் அளவு கூடுதலாக இருந்தது. பயன்படுத்திய ஊசிப் பொருள், கணக்கிடும் முறை, நோயாளிகள் சாப்பிடும் மருந்து ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு மாறுவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே இறுதி முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. தினமும் கஞ்சா புகைத்தவர்களிடம் மூளையின் மேற்பரப்பில் ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்ததை 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 4 வாரங்கள் நிறுத்தியதும் பெரும்பாலான பகுதிகளில் அவை மீண்டும் கூடின. எனவே பழக்கத்தை விடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

இந்த ஸ்கேன் ஆராய்ச்சிக்கானது. மனச்சிதைவு நோயை உறுதி செய்ய இது தேவையில்லை. இதற்காகக் கடன் வாங்கிப் பெருநகரங்களுக்கு அலையவும் வேண்டாம். நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசி, அறிகுறிகளைப் பரிசோதித்தே மனநல மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். ஏற்காட்டுக் குடும்பங்கள் மலையிறங்கினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை நம் சமுதாயம் மறந்துவிடக் கூடாது. தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் உயிரிழந்தார்கள். பின்னர் அதே ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. துஆ செய்வோம், மருந்தையும் தவறாமல் கொடுப்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

கஞ்சாவை "வெறும் இலைதானே" என்று சொல்லும் நண்பர்களிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்போம். நோய் வந்துவிட்டால் மறைக்காமல், கட்டிப்போடாமல், சீக்கிரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அந்தப் பிள்ளை படிப்புக்கும் வேலைக்கும் திரும்பும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.