சூனியக்காரிகளும் வாசகர்களும் – 7: பொன்னைவிடச் செம்பு மேல்

நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ நகரத்தில் ஹாரி பாட்டர் புத்தகங்களைத் தீயிலிட்ட பக்தர்களைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். அந்தச் சாம்பலை மறுபடியும் கிளற எனக்கு விருப்பமில்லை. இந்த வாரம் ன்சிபிடி என்னும் மேற்கு ஆப்பிரிக்க எழுத்துமுறையைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அந்த வாக்கு நிறைவேறுமா என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 1974-இல் இக்போ இனத்துப் பெற்றோருக்குப் பிறந்து, விளையாட்டு வீராங்கனையாகப் புகழ் பெறவேண்டிய வயதில் முதுகெலும்புச் சிகிச்சைக்குப் பின் சில காலம் கால்கள் செயலற்றுப் படுக்கையில் கிடந்து, அந்தப் படுக்கையிலேயே எழுத்தாளராக மாறிய நெடி ஒகோராஃபோர் என்னும் பெண்மணி, 2011-இல் 'அகாட்டா விட்ச்' என்ற நாவலை வெளியிட்டார். நியூயார்க்கில் பிறந்து நைஜீரியாவின் அபா நகரத்தில் வசிப்பவளும், பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி இல்லாதவளுமான சன்னி என்ற 12 வயதுப் பெண், தன்னிடத்தில் மந்திர சக்தி உறங்குவதை அறிந்து, சிறுத்தை மக்கள் என்ற ரகசிய சமூகத்தில் சேர்ந்து, தோழர் மூவருடன் கூடி, சிறுவர்களைக் கொன்று தீய சக்தி தேடும் ஒரு பாதகனை எதிர்க்கிறாள் என்பதே கதை.

இந்தக் கதைக்கு அமெரிக்காவில் உடனே கிடைத்த பட்டம் 'நைஜீரிய ஹாரி பாட்டர்' என்பது. புத்தக வியாபாரத்துக்கு அந்தப் பட்டம் உதவியிருக்கலாம். ரசனைக்கு உதவியதாக நான் நினைக்கவில்லை. மந்திரம் கற்கும் சிறுவர் எங்கே தென்பட்டாலும் அவர்களை ஒரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது சோம்பல் மிகுந்த விமரிசனம்.

நைஜீரியாவில் நிலைமை வேறு. அங்கே கஸாவா ரிபப்ளிக் என்ற பதிப்பகம் இதே நாவலை, 'சன்னி தீச்சுடரில் கண்டது' என்று பொருள்படும் வேறொரு பெயரில் வெளியிட்டது. பழைய தலைப்பின் இரண்டு சொற்களுமே அந்த மண்ணில் முள் போன்றவை: முதற்சொல் அமெரிக்கக் கறுப்பரை இழித்துரைக்க வழங்குவது, இரண்டாவதோ உயிருக்கே உலை வைக்கக்கூடியது. நாவலின் களமான அபாவிலிருந்து வெகு தூரமில்லாத அக்வா இபோம் மாநிலத்தில், பெற்ற குழந்தையையே சூனியக்காரி என்று பழித்து, அடித்து, வீட்டைவிட்டுத் துரத்தும் கொடுமை பெருகிப்போய், குழந்தையின்மேல் அவ்வாறு பழி சுமத்துவதே குற்றம் என்று 2008-இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. அக்டோபர் மாதத்துக் கடைசி இரவில் கூர்நுனித் தொப்பி அணிந்து மிட்டாய் யாசிக்கும் குழந்தையின் தாய்க்கும், பாதிரியார் விரல் நீட்டிவிடுவாரோ என்று அஞ்சி நிற்கும் குழந்தையின் தாய்க்கும் இந்த நாவல் ஒரே நாவலாக இருக்கமுடியுமா? சூனியக்காரியைக் கதாநாயகியாக்கலாமா என்று இரண்டாமவள் கேட்டால், அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சன்னியின் தோலைப் பற்றியும் வாசகர்கள் இரண்டு பட்டார்கள். உலகம் குறையென்று சொல்வதையே சிறுத்தை மக்கள் சக்தியின் அடையாளமாகக் கொள்கிறார்கள் என்பதும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஓர்லு என்ற பையனுக்கு அந்தத் திணறலோடு ஒட்டியே பிறர் மந்திரங்களை அவிழ்க்கும் வல்லமை வாய்த்திருக்கிறது என்பதும் பலருக்கு ஆறுதலாக இருந்தன. ஆனால் தீட்சை பெற்றபின் சன்னியை வெயில் சுடுவதில்லை. பட்டப்பகலில் அவள் பையன்களோடு கால்பந்து ஆடுகிறாள். குறையைப் போற்றுவதாகச் சொல்லிவிட்டு அதை மந்திரத்தால் நீக்கிவிடலாமா என்பது மற்றொரு சாராரின் ஆக்ஷேபம். நியாயமான ஆக்ஷேபம்தான்; ஆனாலும் அந்தக் கால்பந்து ஆட்டத்தை நீக்கிவிட்ட நாவலைப் படிக்க எனக்குச் சம்மதமில்லை.

இந்த வாரம் முழுவதும் என் மனத்தை ஆட்கொண்டிருந்த விஷயம் இவை எதுவும் அல்ல, சிட்டிம். சிறுத்தை மக்களின் நாணயத்துக்கு அதுதான் பெயர். அதை உழைத்தோ வியாபாரம் செய்தோ சம்பாதிக்க இயலாது. ஒருவன் ஒன்றை மெய்யாகவே கற்றுக்கொண்ட கணத்தில், வெட்டவெளியிலிருந்து, வளைந்த உலோகக் கம்பிகளாக அவன் காலடியில் அது விழும். அதிலும் பெரிய செம்புச் சிட்டிமே விலை உயர்ந்தது; பொன்னுக்குக் கடைசி இடம். போதாக்குறைக்கு, அவர்களுடைய ஊரில் அரசாட்சி நடக்கும் இடம் ஒரு நூலகம்!

கணினி விளையாட்டில் கொட்டும் காசு என்று இதைக் கடந்துபோகும் வாசகர் உண்டு. ஆனால் அபாவைச் சூழ்ந்த தென்கிழக்கு நைஜீரியப் பகுதியில், இன்றைய பாட்டன்மாரின் பாட்டன்மார், காப்பு வடிவில் வளைந்த செம்பையும் பித்தளையையும்தான் காசாகப் புழங்கினார்கள். மனில்லா என்பது அதன் பெயர். போர்ச்சுகீசியர் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து குவித்தது; பிற்காலத்தில் பர்மிங்ஹாம் பட்டறைகளில் வார்க்கப்பட்டது. மிளகும் யானைத் தந்தமும் பாமாயிலும் அதற்கு விலைபோயின, மனிதர்களும் விலைபோனார்கள். பெனின் நகரத்துச் சிற்பிகள் அதை உருக்கி வார்த்த பித்தளைச் சிற்பங்களை இன்றும் உலகம் வியக்கிறது. அவற்றுள் பலவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன் பிரதேசத்து மனில்லாக்களோடு ஒத்துப்போவதை 2023-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆங்கில அரசு 1948-இல் பெரும் நடவடிக்கை ஒன்றைத் தொடங்கி, 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மனில்லாக்களை மக்களிடமிருந்து வாங்கிப் பழைய உலோகமாக விற்றுத் தீர்த்தது. 1949-இல் அவை செல்லாக்காசாயின.

சிட்டிம் மனில்லாவிலிருந்து பிறந்தது என்பது, வளைவையும் உலோகத்தையும் கண்டு நான் செய்யும் அனுமானம்; ஆசிரியையின் வாக்குமூலம் அல்ல. ஆயினும் மனிதரை விலைக்கு வாங்கிய உலோகத்தையே எடுத்து, கல்வி ஒன்றுக்கு மட்டும் மசியும் நாணயமாக ஒரு நாவலாசிரியை வார்த்திருக்கிறார் என்று எண்ணும்போது, ஹாரி பாட்டரோடு ஒப்பிட்டவர்கள் எதைப் படிக்காமல் விட்டார்கள் என்பது புலனாகிறது. கிரிங்காட்ஸ் வங்கியில் ஹாரிக்குக் குவிந்து கிடப்பது தந்தை வைத்துவிட்டுப் போன பொன். சன்னிக்கு அந்தச் சௌகரியம் இல்லை, படித்தால்தான் காசு. அபாவிலோ கலபாரிலோ பாட்டி வீட்டுப் பெட்டியில் பழைய காப்பு ஒன்றைக் கண்டிருக்கும் சிறுமி அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பாள் என்று எந்த அமெரிக்க மதிப்புரையிலும் தேடிப் பயனில்லை.

ஆக, ன்சிபிடி தள்ளிப்போயிற்று. பத்திராதிபர் கொடுத்த பக்கம் முடிந்தது. கலபாரிலிருந்த மக்கிரெகர் என்னும் பாதிரியார் 1909-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்த வழக்கு ஒன்று முழுவதும் ன்சிபிடிக் குறிகளாலேயே எழுதப்பட்டிருந்ததை எடுத்துக் காட்டியிருக்கிறார். அடுத்த வாரம் அந்த வழக்கிலிருந்து தொடங்குவோம். அதற்குள் நாவலைப் படித்து முடித்துவிடுங்கள்.