புள்ளி ஏன் வட்டமாக விழவில்லை?

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இயந்திரங்களோடு பழகுகிறார்கள். நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டின் பின்புறத்தில் சி.என்.சி. செதுக்கு இயந்திரம் ஒன்றைத் தாமே கட்டினார். கணினி தரும் எண்களின்படி மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திரம் அது. எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டும் முறையை 1952-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் துளையிட்ட நாடாவை வைத்துச் செய்து காட்டியது. இன்று அது தோட்டத்து வீட்டுக்கும் வந்துவிட்டது.

பெயர்ப்பலகை செய்து பிழைக்கலாம் என்பது மாணவரின் எண்ணம். தந்தையார் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைத் தந்தார்.

முதல் பலகையில் 'ட' கண்ணுக்குச் சரியாகவே இருந்தது. 'ழ'வின் வளைவுகளிலோ சிறு மேடுகள் தெரிந்தன. மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாக இல்லாமல் நான்கு பக்கமும் தட்டிவிட்டதுபோல் இருந்தது. பலகை கேட்டவர் வாங்கவில்லை. விலையுயர்ந்த புதுத் திருகுகள் போட்டால் சரியாகும், இன்னும் சில நூறு வெள்ளி வேண்டும் என்றார் மகன். "இருக்கிற பணத்தையும் இதுலேயே போடுறதா, சார்?" என்று தாயார் நம்மிடம் கலங்கினார்.

குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மோட்டார், நீண்ட திருகைச் சுழற்றுகிறது. திருகில் கோத்த நட்டு, வெட்டும் பகுதியை நகர்த்துகிறது. திருகின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே சிறிது இடைவெளி உண்டு. அது இல்லாவிட்டால் திருகு சுழலாது. ஒரே திசையில் போகும்வரை தொல்லையில்லை. திசை மாறும்போது, திருகு முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். அதுவரை மோட்டார் சுற்றும். வெட்டும் பகுதி நின்ற இடத்திலேயே நிற்கும். இதைப் பேக்லாஷ் என்பார்கள். நாம் 'வெறுஞ்சுற்று' என்போம்.

தந்தையார் சட்டென்று சொன்னார்: "இது டிராக்டர் ஸ்டியரிங்ல வர்ற ஆட்டந்தானே, சார்? கொஞ்சம் சும்மா சுத்தும், அப்புறந்தான் சக்கரம் திரும்பும்."

மிகச் சரி. ஆனால் ஓட்டுநரின் கை அதை உணர்ந்து கூடுதலாகத் திருப்பிவிடும். அருகே கேரித் தீவில் முகமூடி செதுக்கும் மா மெரி கலைஞரின் கையும் உளி மரத்தைத் தொட்டதை அறியும். இவ்வகை எளிய இயந்திரத்துக்கு அந்த உணர்வு இல்லை. சுற்றை மட்டுமே எண்ணும். ஒரு வட்டத்தை வெட்டும்போது இரண்டு திருகுகளும் இரண்டிரண்டு முறை திசை மாறுகின்றன. அதனால்தான் நான்கு இடத்தில் பழுது. வளைவு நிறைந்த நம் தமிழ் எழுத்து இக்குறையை விரைவில் காட்டிக்கொடுக்கும்.

பணம் செலவழிக்குமுன் அளக்க வேண்டும். டயல் கேஜ் ஒன்றை வெட்டும் பகுதியில் படும்படி பொருத்துங்கள். சிறிது முன்னே நகர்த்தி முள்ளைச் சுழியத்தில் வையுங்கள். இன்னும் 1 மில்லிமீட்டர் முன்னே, பிறகு 1 மில்லிமீட்டர் பின்னே நகர்த்துங்கள். முள் சுழியத்துக்குத் திரும்பாமல் எங்கே நிற்கிறதோ, அதுவே வெறுஞ்சுற்றின் அளவு. நாம் அளந்தபோது 0.3 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று தாள் கனம்.

அடுத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில், மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகாணிகள். இரண்டாவது, திருகு தன் பேரிங்கில் முன்பின்னாக அசைகிறதா என்பது. மூன்றாவதாகத்தான் நட்டு. அந்த வீட்டில் பேரிங்கை ஒட்டிய வளையம் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் 0.3 என்பது 0.1 ஆயிற்று! புதுத் திருகு வாங்கியிருந்தாலும் அந்தத் தளர்வு அப்படியே இருந்திருக்கும்.

மீதிக்கு, வில் வைத்த இரட்டை நட்டு சில வெள்ளிகளில் கிடைத்தது. வில் இரண்டு நட்டுகளையும் எதிரெதிராகத் தள்ளி, மரையின் இருபுறமும் ஒட்டியிருக்கச் செய்கிறது. வில் மிகவும் இறுகினால் மோட்டார் திணறிச் சுற்றைத் தவறவிடும், கவனம் தேவை. லினக்ஸ்சிஎன்சி, மாக்3 போன்ற மென்பொருள்களில் வெறுஞ்சுற்றின் அளவைக் கொடுத்தால் கணினியே ஈடுகட்டும். ஆயினும் வெட்டும் விசை தளர்ந்த பகுதியை ஆட்டிவிடும். ஆகவே கைவேலை முதலில், கணக்கு வேலை பிறகு.

அதே பெயரை மீண்டும் வெட்டினார்கள். புள்ளி வட்டமாக விழுந்தது. தாயார் அதை விரலால் தடவிப் பார்த்தார். சேமநிதியில் மீதி இருந்த பணம் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் கட்டிய பொருள் பழுதானால், "வீண் வேலை" என்று ஒதுக்கவும் வேண்டாம். உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். உங்கள் அனுபவத்திலும் ஒரு விடை இருக்கலாம்.