ஒரு நகரும் இரு பெயரும்

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் நியதியோடு 2001-ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தில் பூசல்கள் எழுதல் இயல்பே. போலந்து தேசத்துத் துறைமுக நகரொன்றைக் 'கதான்ஸ்க்' எனப் போலந்தியரும் 'டான்சிக்' என ஜெர்மானியரும் வழங்குவர். பெயர் உரிமையையும் சுட்டுமாதலின், ஆங்கிலப் பதிப்பில் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க, அவர் மீட்டெழுத, விவாதம் நீண்டது. 2005-ஆம் ஆண்டில் வாக்கெடுத்து, 1308 முதல் 1945 வரையுள்ள காலத்திற்கு டான்சிக் என்றும், ஏனைய காலங்களுக்குக் கதான்ஸ்க் என்றும் வரையறுத்தனர்.

ஆங்குப் பொதுவிதியொன்றும் உளது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மும்முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை அழிப்போர், எழுதும் உரிமையைச் சிலகாலம் இழக்க நேரிடும். தம் கூற்று மெய்யேயாயினும் இவ்விதி பொதுவாகத் தளராது. பேச்சுப்பக்கத்தில் சான்று காட்டி மாற்றாரை இணங்குவித்தலே வழி. பலர் கூடி இயற்றும் நூலுக்குப் புலமையோடு பொறையும் வேண்டுமென்பதை நாம் இதனால் அறிகின்றோம்.