தாய்க்குப் பிறந்த பாட்டு

ஒரு பாட்டின் பொருளைப் பாடியவர் மட்டுமா நிச்சயிக்கின்றார்? காலமும் அதிலே பங்கு கொள்ளும் என்பதற்கு உக்ரேனியப் பாடலொன்று சான்றாகின்றது.

கலுஷ் என்பது உக்ரேனின் மேற்கிலுள்ள ஒரு நகர். அங்கே பிறந்த ஓலே பிசியூக் என்னும் இளைஞர், ராப் இசையையும் நாட்டார் இசையையும் இணைக்க விழைந்து, 2021இல் ‘கலுஷ் ஓர்கெஸ்ட்ரா’ என்னும் குழுவை அமைத்தார். ‘ஸ்தெபானியா’ என்பது தம் தாயாரை நினைந்து அவர் ஆக்கிய தாய்மொழிப் பாடல். அதில் நாட்டுப்புறக் குழலின் ஓசையும் உண்டு.

தேசியத் தெரிவில் அதற்குக் கிடைத்தது இரண்டாமிடமே. முதலிடம் பெற்றவர் விலகிக்கொள்ளவே, 2022 பெப்ரவரி 22ஆந் திகதி இக்குழு யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குத் தெரிவாயிற்று. இரண்டே நாளில் ருஷ்யப் படை நாட்டினுட் புகுந்தது. மகன் தாய்க்குப் பாடிய பாட்டு, அன்றுமுதல் தாயகத்தின் பாட்டாகக் கேட்போர் நெஞ்சிற் பதிந்தது.

படைவயது ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடையிருந்தமையால், விசேட அனுமதி பெற்றே அவர்கள் இத்தாலியின் தூரின் நகருக்குச் சென்றனர். மே 14ஆந் திகதி 631 புள்ளிகளுடன் வென்றனர். நடுவர் கணிப்பில் அவர்களுக்கு நான்காமிடமே. நேயர் வழங்கிய 439 புள்ளிகளே வெற்றி தந்தன. அவ்வாக்குகள் பாட்டுக்கா, பரிவுக்கா என வினவுவோர் உளர். கேட்பவன் உள்ளத்தில் இவ்விரண்டும் பிரிந்தா நிற்கின்றன?

வென்ற பரிசுச் சின்னத்தை ஏலத்தில் 9 இலட்சம் டொலருக்கு விற்று, ஆளில்லா விமானங்களுக்கென அப்பணத்தை ஈந்தனர். தாயன்பிற் பிறந்த பாட்டின் பரிசு போர்க்கருவியாயிற்று. அதனைக் கலையின் வெற்றி என்பதா, காலத்தின் கொடுமை என்பதா?